ஐந்து நிமிட முகம்

என் அண்ணி காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது கடிகாரத்தை அல்ல, சமையலறை ஜன்னலை. வெளிச்சம் வந்துவிட்டதா என்று பார்ப்பார். குளியலறையில் கண்ணாடி இருக்கிறது, அதற்கு மேல் ஒரு மஞ்சள் பல்பும் இருக்கிறது. ஆனால் அண்ணிக்கு அந்த பல்பின் மேல் நம்பிக்கை கிடையாது. "அந்த வெளிச்சத்துல யாரு நின்னாலும் புதுப்பொண்ணு மாதிரிதான் தெரிவாங்க. வாசலைத் தாண்டினா வண்டவாளம் தண்டவாளம் ஏறிரும்" என்பார். அதனால் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில், டீ கொதிக்கும் சத்தத்தோடு, சர்க்கரை டப்பாவின் மேல் ஒரு கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு தொடங்குவார். முடிக்க முப்பத்தைந்து நிமிடம் ஆகும். முடித்த பிறகு பார்த்தால் முகத்தில் ஒன்றுமே போடாதது போல இருக்கும். அப்படித் தெரியத்தான் அந்த முப்பத்தைந்து நிமிடம்.

அண்ணி ஒரு பெரிய கடையின் தரைத்தளத்தில், ஒரு கம்பெனியின் அழகுப் பொருள் கவுண்டரில் நிற்கிறார். பதினோரு வருடமாக நிற்கிறார். நிற்கிறார் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. கவுண்டருக்குப் பின்னால் உட்காரக்கூடாது என்பது அங்கே விதி. உயரமான நாற்காலி ஒன்று உண்டு, அது வாடிக்கையாளருக்கு. அதில் உட்கார வைத்தால்தான் அவர்கள் எழுந்து போகக் கொஞ்சம் நேரமாகும்.

அந்த நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்ததும் அண்ணி முகத்தைப் பற்றி எதுவும் கேட்கமாட்டார். "காலையில எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவீங்க?" என்று கேட்பார். பதிலை வைத்தே அந்தப் பெண்ணுக்கு மூன்று பொருள் போதுமா, ஏழு பொருள் தாங்குமா என்று முடிவு செய்துவிடுவார். பிறகு தாடை ஓரத்தில் பவுண்டேஷனைச் சின்னக் கோடாகத் தீட்டி நிறம் பார்ப்பார். பலபேர் கையை நீட்டுவார்கள். "கையை உள்ள வைங்கம்மா. கை வேற ஊரு, மூஞ்சி வேற ஊரு" என்பார். அதன்பிறகு முகத்தில் பாதிக்கு மட்டும் எல்லாம் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுப்பார்.

"இந்தப் பக்கம் நான் போட்டது. அந்தப் பக்கம் கடவுள் போட்டது. எது பிடிச்சிருக்குன்னு தாராளமா சொல்லுங்க."

அந்தப் பெண் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் தன் நிலைமை புரியும். பாதி முகத்தோடு யாரும் தெருவில் இறங்க முடியாது. மீதிப் பாதிக்காக உட்கார்ந்தே ஆகவேண்டும். உட்கார்ந்தால் பேச்சு, பேச்சு வந்தால் பை. பை இல்லாமல் அந்த நாற்காலியை விட்டு இறங்கியவர்கள் மிகக் குறைவு.

போகும் முன் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்க ஸ்கின் எவ்ளோ க்ளியரா இருக்கு. நீங்க என்ன போடறீங்க?"

அண்ணி சற்றும் தயங்காமல் ஒரு டப்பாவைக் காட்டுவார். அந்த வாரம் எது அதிகமாகத் தேங்கியிருக்கிறதோ அதுதான் அண்ணி போடுவது.

உண்மையில் அண்ணியின் இரண்டு கன்னங்களிலும் மங்கு இருக்கிறது. யாரோ ஈரக்கையால் தொட்டுவிட்டு, காய்ந்த கறையைத் துடைக்க மறந்துபோனது போல. என் அண்ணன் மகள் வயிற்றில் இருந்தபோது வந்தது. பிள்ளை பிறந்ததும் போய்விடும் என்றார்கள். பிள்ளை பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டது. மங்கு மட்டும் எங்கேயும் போகவில்லை. கடையில் விற்கிற எல்லா வெளுப்பு க்ரீமையும் அண்ணி போட்டுப் பார்த்தார். ஒன்று எரிந்தது, ஒன்று உரிந்தது, ஒன்று மங்கின் எல்லையை இன்னும் தெளிவாக வரைந்து கொடுத்தது. கடைசியில் தோல் மருத்துவரிடம் போனார். அவர் மூன்று நிமிடம் பார்த்துவிட்டு, "வெயில் படாம பாத்துக்குங்க. கண்ட க்ரீமும் போடாதீங்க" என்றார். அண்ணி நன்றி சொல்லிவிட்டு, கண்ட க்ரீமையெல்லாம் விற்கக் கடைக்குப் போனார்.

அதன்பிறகுதான் அந்த முப்பத்தைந்து நிமிடம் வந்தது. மங்கின் மேல் நேராக பவுண்டேஷன் போட்டால் சாம்பல் பூத்தது போல இருக்கும். அதனால் முதலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூச்சு. அதை விரலால் தட்டித் தட்டிப் பரப்பவேண்டும், தேய்க்கக்கூடாது. அது காய்ந்ததும் மேலே இன்னொன்று, அதன் மேல் பவுடர். மங்கு வந்ததிலிருந்து கடையில் ஒருவர்கூட அண்ணியின் உண்மையான கன்னத்தைப் பார்த்ததில்லை. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் முகத்தின் அழகே முகத்தில் தெரியாது.

இனி என் பங்குக்கு வருகிறேன். என் பங்கு இல்லாமல் இதைச் சொல்லி முடித்துவிடலாமா என்று யோசித்தேன். முடியாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள், அண்ணியின் நாத்தனாரான நான். வேதியியல் படித்தேன். பட்டம் வாங்கியதிலிருந்து அண்ணி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'பட்டதாரி' என்றுதான் கூப்பிடுவார். "பட்டதாரி, பால் பொங்குது பாரு." "பட்டதாரி, இந்த பாரத்துல எங்க கையெழுத்து?" ஒன்றரை வருடம் வேலை தேடினேன். யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் அண்ணிதான் தன் மேலதிகாரியிடம் சொல்லி, அவர் யாரிடமோ சொல்லி, அந்த அழகுப் பொருள் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் ஆறு மாத ஒப்பந்தத்தில் எனக்கு இடம் கிடைத்தது. டப்பாவின் பின்பக்கம் இருக்கும் வாசகங்களை எழுதுவது என் வேலை. மூன்று வருடம் சோதனைக்கூடத்தில் கற்றதையெல்லாம் 'மென்மையை உணருங்கள்' என்ற இரண்டு சொற்களுக்குள் அடைத்துவிடும் வேலை. எனக்கு அதில் சந்தோஷம்தான். மாதம் ஒருமுறையாவது என் வாக்கியத்தை யாராவது குளியலறையில் நின்று படிப்பார்கள் அல்லவா?

சேர்ந்த மூன்றாவது மாதம் பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். வேலைக்குப் போகும் பெண்களுக்கு எளிய தினசரி அலங்காரம் பற்றி ஒரே தாளில் ஒரு குறிப்பு வேண்டும் என்றார். ஆறு படிகள். எழுதினேன். முகம் கழுவுங்கள். டோனர் போடுங்கள், உலர இரண்டு நிமிடம் விடுங்கள். மாய்ஸ்சரைசர் போடுங்கள், தோல் உறிஞ்ச இரண்டு நிமிடம் விடுங்கள். சன்ஸ்கிரீன், அது படிய இரண்டு நிமிடம். பவுண்டேஷன், இரண்டு நிமிடம். கடைசியில் கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சாயம். அந்த இரண்டு நிமிடங்கள் எல்லாம் டப்பாக்களின் பின்பக்கத்தில் ஏற்கெனவே இருந்தவை. எனக்கு முன்னால் யாரோ எழுதியது. நான் பார்த்து எழுதினேன்.

தாளின் மூலையில் ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. வடிவமைப்பாளர் அதற்குள் எண் கேட்டார். "எத்தனை நிமிஷம்னு போடணும். வட்டம் சின்னது, ஒரு இலக்கம்தான் அடங்கும்."

நான் என் முகத்தை நினைத்துப் பார்த்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் துடைத்து, கொஞ்சம் பவுடர். மொத்தம் ஒரு நிமிடம். ஐந்து என்றால் தாராளம் என்று பட்டது. ஐந்து என்று சொன்னேன். அவர் போட்டார். தலைவர் பார்த்தார், பிடித்துப்போனது. தாள் அச்சுக்குப் போனது.

இத்தோடு முடிந்திருந்தால் அது சாதாரணப் பொய்யாக இருந்திருக்கும். ஆனால் அந்தக் கம்பெனியில் ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். கடைப் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஸ்டாப்வாட்ச் மேடம்'. கழிப்பறைக்குப் போனால் கடிகாரத்தைப் பார்ப்பார். தும்மினால்கூடப் பார்ப்பார் என்று வாசனைத் திரவியக் கவுண்டரில் நிற்கும் சென்ட்டு அக்கா சொல்வார். அந்த மேடம் என் தாளைப் படித்தார். உலகத்திலேயே அதை முழுதாக நம்பிய முதல் ஆள் அவர்தான்.

அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. கவுண்டர் பெண்கள் ஒவ்வொருவரும், வாடிக்கையாளர்கள் முன்னிலையில், தங்கள் முகத்தைக் கழுவிவிட்டு, தாளில் உள்ள ஆறு படிகளையும் ஐந்து நிமிடத்தில் தம் முகத்திலேயே செய்து காட்டவேண்டும். காட்ட முடியாதவர்கள் பின்பக்கக் கிடங்குக்கு மாற்றப்படுவார்கள். அங்கே பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை.

அன்று சாயங்காலம் அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்தார். கையில் என் தாள். நான் டீ கலக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் தரையில் உட்கார்ந்து மகளுக்கு ஷூவில் கயிறு கோத்துக்கொண்டிருந்தார். அவர் லிப்ட் பழுது பார்ப்பவர். கயிறு என்றால் பொறுமை வந்துவிடும்.

"இத எழுதினவன் எவன்னு தெரியல" என்றார் அண்ணி. "எங்கயோ ஏசி ரூம்ல காலை நீட்டி உக்காந்து எழுதியிருக்கான். பொம்பளைக்கு மூஞ்சின்னு ஒண்ணு இருக்கு, அதுல ரெண்டு கன்னம் இருக்குன்னு அவனுக்கு யாரும் சொல்லல போல."

நான் டீயைக் கலக்கினேன். ஏற்கெனவே கலந்திருந்த டீயை.

"அஞ்சு நிமிஷமாம்! அவன் ஆத்தாளும் பொண்டாட்டியும் மூஞ்சியே கழுவ மாட்டாங்களா?"

"அவன் இல்ல அண்ணி" என்றேன்.

"பின்ன?"

"நான்தான்."

அண்ணன் கயிற்றை விட்டுவிட்டார். அண்ணி என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"டோனருக்கு ரெண்டு. மாய்ஸ்சரைசருக்கு ரெண்டு. நாலு. சன்ஸ்கிரீன் ஆறு. பவுண்டேஷன் எட்டு. சும்மா உக்காந்திருக்கறதுக்கே எட்டு நிமிஷம் ஆகுது, பட்டதாரி. மேல சிவப்பு ரவுண்டுல அஞ்சுன்னு போட்டிருக்கே. கூட்டிப் பாத்தியா?"

கூட்டிப் பார்க்கவில்லை. சமன்பாட்டின் இருபுறமும் சமமாக இருக்கவேண்டும் என்று மூன்று வருடம் படித்தவள் நான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் ஏட்டுக்கே உதவவில்லை.

"விடு" என்றார் அண்ணன், மனைவியைத் தேற்றும் குரலில். "கிடங்குன்னா என்ன? உக்காந்துக்கிட்டே ஸ்டிக்கர் ஒட்டலாம். காலும் வலிக்காது."

"பதினோரு வருஷமா மனுஷங்க மூஞ்சியப் பாத்துப் பேசியிருக்கேன். இனிமே அட்டைப்பெட்டியப் பாத்துப் பேசச் சொல்றீங்களா? அதுக்கு வீட்டுலயே உங்களைப் பாத்துக்கிட்டு இருந்துடுவேனே."

அண்ணன் கயிற்றை மறுபடி எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையிலிருந்து ஜன்னலோரத்தில் பயிற்சி நடந்தது. அண்ணன் கைபேசியில் நேரம் பார்ப்பவர். "எங்க லிப்ட் பத்து மாடி ஏற ஒரு நிமிஷம்தான். ஒரு மூஞ்சிக்கு அஞ்சு நிமிஷம் எதேஷ்டம்" என்றார்.

"உங்க மூஞ்சிக்கு அஞ்சு செகண்டே அதிகம். வாய மூடிக்கிட்டு நேரத்தைப் பாருங்க."

முதல் நாள் இருபத்தேழு நிமிடம். இரண்டாவது நாள் இருபத்திரண்டு. மூன்றாவது நாள் ஆரஞ்சுப் பூச்சு காய்வதற்கு அண்ணன் ஒரு தட்டை எடுத்து விசிறினார். அதில் ஒட்டியிருந்த சர்க்கரை அண்ணியின் கன்னத்தில் வந்து உட்கார்ந்தது, மறுபடி கழுவவேண்டியதாயிற்று. நான்காவது நாள் பத்தொன்பது. அதற்குக் கீழே இறங்கவில்லை. ஆரஞ்சுப் பூச்சையும் காத்திருப்பதையும் விட்டுவிட்டால் ஆறு நிமிடத்தில் முடிக்கலாம். ஆனால் அப்போது சாம்பல் கன்னத்தோடு நிற்கவேண்டும். ஆரஞ்சுப் பூச்சு தாளிலேயே இல்லாத படி. எனக்கு அப்படி ஒரு பூச்சு இருக்கிறது என்பதே எழுதும்போது நினைவில் இல்லை. தினமும் காலையில் கண்ணெதிரே பார்ப்பவள் நான்.

நான் பிரிவுத் தலைவரிடம் போனேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் இரண்டு நாள் போகாமல் இருந்தேன். அடுத்த மாதம் என் ஒப்பந்தம் பற்றி அவர் அறிக்கை எழுதவேண்டியிருந்தது. மூன்றாம் நாள் போய், கதவோரமாக நின்று, தாளில் ஒரு சின்னக் கணக்குப் பிழை இருக்கிறது என்றேன்.

"என்ன பிழை?"

"காத்திருக்கிற நேரமே எட்டு நிமிஷம் வருது சார்."

அவர் தாளை எடுத்துப் பார்த்தார். மெதுவாகச் சிரித்தார். "இதை யாரும்மா கூட்டிப் பாப்பாங்க? படிக்கறவங்க வட்டத்தை மட்டும்தான் பாப்பாங்க. வட்டம் நல்லா வந்திருக்கு."

"கடையில இதை வெச்சு டெஸ்ட் வைக்கறாங்க சார்."

"அது கடைப் பிரிவு. நாம விளம்பரப் பிரிவு." பிறகு அன்பாக ஒரு வார்த்தை சேர்த்தார். "நீங்க நல்லா எழுதறீங்க. கணக்கெல்லாம் பெரிசா எடுத்துக்காதீங்க."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று பேருந்து நிறுத்தம் வரை யோசித்தேன்.

தேர்வு நாளன்று தலைமை அலுவலகத்திலிருந்து குறிப்பெடுக்க ஒருவர் வேண்டும் என்று மேடம் கேட்டிருந்தார். என்னையே அனுப்பினார்கள். கையில் ஒரு அட்டை, அதில் பெயர், நேரம், படிகள், தோற்றம் என்று நான்கு கட்டங்கள். கவுண்டருக்கு முன்னால் ஒரு மேஜை, ஒரு கண்ணாடி, ஒரு தண்ணீர்த் தொட்டி. சுற்றிப் பத்துப் பதினைந்து வாடிக்கையாளர்கள். இலவசமாக எதையாவது கொடுப்பார்கள் என்று நின்றவர்கள்.

முதலில் சென்ட்டு அக்கா உட்கார்ந்தார். இமையில் பச்சை குத்திய மை, புருவத்தில் பச்சை குத்திய கோடு. முகத்தைக் கழுவும்போது விரல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நெற்றியில் மட்டும் தண்ணீர் படும்படி கழுவினார். முழுசாகக் கழுவியது அவருடைய கழுத்தை மட்டும்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பூசி, நான்கு நிமிடம் நாற்பது விநாடியில் எழுந்தார். கைதட்டல். மேடத்தின் முகத்தில் மகளைக் கரையேற்றிய தாயின் திருப்தி. அடுத்த இரண்டு பெண்களும் அப்படியே முடித்தார்கள். நான் கட்டங்களில் 'சரி' 'சரி' என்று எழுதினேன்.

அண்ணியின் முறை வந்தது. அவர் ஆரஞ்சுப் பூச்சை எடுத்துவரவில்லை. தாளில் உள்ளது மட்டுமே மேஜையில் இருந்தது. தாளும் இருந்தது, கண்ணாடியில் சாய்த்து வைத்திருந்தார். குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, முகத்தைக் கழுவினார். உண்மையாகவே கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

மங்கு அப்படியே வெளியில் தெரிந்தது. சென்ட்டு அக்காவின் வாய் திறந்தபடி இருந்தது. பதினோரு வருடமாகப் பக்கத்துக் கவுண்டரில் நிற்பவர். அண்ணியின் காது சிவந்தது எனக்குத் தெரிந்தது. டோனரைப் பஞ்சில் எடுத்து முகத்தில் ஒற்றினார். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார்.

"ம்?" என்றார் மேடம்.

"உலரணும் மேடம். ரெண்டு நிமிஷம்."

அந்தத் தளத்தில் இருந்த அத்தனை விளக்குகளும் அவர் கன்னத்தில்தான் விழுந்தன. அண்ணி எதிரே நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து, "நீங்க காலையில எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?" என்று கேட்டார். அந்தப் பெண் திகைத்து, "ஏழே கால்" என்றாள். "அப்போ இதெல்லாம் உங்களுக்கு ஆகாது. கழுவிட்டு சன்ஸ்கிரீன் மட்டும் போட்டுக்கிட்டு ஓடுங்க." யாரோ சிரித்தார்கள்.

இரண்டு நிமிடம் ஆனதும் மாய்ஸ்சரைசர். மறுபடி கைகள் மடிக்குப் போயின. அது ஊறியதும் சன்ஸ்கிரீனை எடுத்து நெற்றியில் ஒரு புள்ளி வைத்தார். மேடத்தின் கையில் இருந்த ஸ்டாப்வாட்ச் பீப் என்றது.

"டைம் முடிஞ்சிருச்சு. நீங்க நாலாவது படியிலயே இருக்கீங்க."

"ஆமா மேடம். தாள்ல எப்படிப் போட்டிருக்கோ அப்படியே செய்யறேன். இதுக்கும் ரெண்டு நிமிஷம் விடணும்னு போட்டிருக்கு. வேணும்னா நீங்களே படிச்சுப் பாருங்க."

மேடம் தாளை எடுத்துப் படித்தார். உதடுகள் அசைந்தன. ஒரு விரல் மடங்கியது. இன்னொன்று. நான்காவது விரல் மடங்கியபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"இத எழுதினது யாரு?"

'விளம்பரப் பிரிவு' என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. அண்ணி என்னைப் பார்க்கவேயில்லை. நெற்றியில் வெள்ளைப் புள்ளியோடு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்திருந்தால் நான் அவர் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பேனோ என்னவோ.

"நான்தான் மேடம். கூட்டிப் பாக்காம எழுதிட்டேன். தாள்ல இருக்கற மாதிரி செஞ்சா யாராலயும் அஞ்சு நிமிஷத்துல முடிக்க முடியாது."

"அப்போ முன்னாடி முடிச்ச மூணு பேரு?"

"அவங்க யாரும் காத்திருக்கல மேடம். தாள்படி பாத்தா..." எனக்கே பயமாக இருந்தது. "தாள்படி பாத்தா அவங்கதான் தப்பு."

"அடிப்பாவி!" என்றார் சென்ட்டு அக்கா. "அண்ணிக்கும் நாத்தனாருக்கும் நடுவுல என்னை ஏன்டி கிடங்குக்கு அனுப்பற?"

கூட்டம் சிரித்துவிட்டது. மேடம் சிரிக்கவில்லை. அவர் மனதுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. சரியாகச் செய்தவர் நேரத்தில் முடிக்கவில்லை. நேரத்தில் முடித்தவர்கள் சரியாகச் செய்யவில்லை. விதியை விதிப்படி நடத்தினால் அன்று மாலைக்குள் எல்லோரும் கிடங்கில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். கவுண்டரில் அவர் ஒருவர்தான் மிச்சம் இருப்பார். அவர் என் கையிலிருந்து அட்டையை வாங்கி, நான்கு பெயர்களின் மேலும் குறுக்கே ஒரு கோடு போட்டார். "இன்னைக்குத் தேர்வு நடக்கலை. எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போங்க" என்றார்.

அண்ணி தன் இடத்துக்குப் போனார். கவுண்டருக்குப் பின்னால் இழுப்பறையில் அவசரத்துக்கென்று எல்லாப் பூச்சும் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொள்வார் என்று பார்த்தேன். ஆனால் அதற்குள் ஏழே கால் பெண் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கன்னத்தின் மேல் விழுந்திருந்த முடியை ஒதுக்கிக் காட்டினாள். அண்ணிக்கு இருந்தது போலவே, கொஞ்சம் இளசாக.

"உங்களுக்கே போகலையே அக்கா. எனக்கு எப்படிப் போகும்?"

"முழுசாப் போகும்னு எவ சொன்னாலும் நம்பாதீங்க. நேத்து வரைக்கும் நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார் அண்ணி. "இன்னும் கருக்காம பாத்துக்கலாம். வேணும்னா மறைக்கலாம். எரிச்சல் இருந்தா டாக்டர்கிட்ட போங்க, என்கிட்ட வராதீங்க. மறைக்கணுமா? தினமும் இருபது நிமிஷம் சீக்கிரமா எந்திரிக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

அந்தப் பெண் யோசித்தாள். தூக்கம்தான் வேண்டும் என்றாள். ஒரே ஒரு சன்ஸ்கிரீனோடு இறங்கிப் போனாள். அன்று மாலைக்குள் சன்ஸ்கிரீன் தீர்ந்துவிட்டது. வெளுப்பு க்ரீம் அடுக்கிய இடத்தில் ஒரு டப்பாகூட அசையவில்லை. திட்டுவதா பாராட்டுவதா என்று தெரியாமல் மேடம் இரண்டு முறை கவுண்டர் வரை வந்து திரும்பிப் போனார்.

இதனால் அண்ணி பூச்சையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டார் என்று நினைக்கவேண்டாம். மறுநாள் காலை ஜன்னலோரத்தில் ஆரஞ்சுப் பூச்சோடுதான் உட்கார்ந்திருந்தார். "நேத்து அது தேர்வு. இன்னைக்கு எனக்குப் பிடிச்சிருக்கு, போடறேன். உனக்கென்ன?" என்றார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போடாமலும் போகிறார். எந்த நாள் போடுவார், எந்த நாள் போடமாட்டார் என்பதற்கு விதி எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. வாடிக்கையாளர்கள் "என்ன போடறீங்க?" என்று கேட்டால் இப்போதெல்லாம் உண்மையாகப் போடுவதை வரிசையாகச் சொல்கிறார். பாதி கேட்பதற்குள் அவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது.

தாள் திருத்தி அச்சானது. ஐந்தை எடுத்துவிட்டார்கள். வட்டத்தை எடுக்க மனம் வரவில்லை போல, அதற்குள் ஒரு பூவைப் போட்டார்கள். என் ஒப்பந்தத்தையும் நீட்டித்தார்கள், ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அறிக்கையில் 'வெளிப்படையானவர்' என்று எழுதியிருந்தார்களாம். அது பாராட்டா எச்சரிக்கையா என்று யாரையும் கேட்கவில்லை.

போன வாரம் தலைவர் கூப்பிட்டார். அன்று கடையில் நடந்ததை யாரோ கைபேசியில் எடுத்திருக்கிறார்கள். அவர் பார்த்திருக்கிறார்.

"உங்க அண்ணி நம்ம புது க்ரீமுக்கு போட்டோ எடுக்க வருவாங்களா? 'முன்', 'பின்'னு ரெண்டு படம். 'முன்' படத்துக்கு அவங்க. ரொம்ப இயல்பா இருக்கும். 'பின்' படத்துக்கு வேற பொண்ணு இருக்கு."

இதை எப்படி அண்ணியிடம் சொல்வது என்று இரண்டு நாள் மென்று முழுங்கினேன். கடைசியில் துணி மடிக்கும்போது சொல்லிவிட்டேன். அண்ணி கையிலிருந்த துண்டைப் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"வர்றேன்னு சொல்லு. ஆனா ரெண்டு படத்துலயும் நான்தான் இருப்பேன். முன்னயும் இதே மூஞ்சி, பின்னயும் இதே மூஞ்சி. நடுவுல வேணும்னா அவர் டப்பாவ வெச்சுக்கட்டும்."

நான் வார்த்தை மாறாமல் தலைவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று தயாராக நின்றேன். அவர் பேனாவால் மேஜையைத் தட்டியபடி நெடுநேரம் யோசித்தார்.

"'பின்' படத்துல மட்டும் கொஞ்சம் சிரிப்பாங்களா?" என்று கேட்டார்.

கேட்டுச் சொல்கிறேன் சார் என்றேன். கேட்கவில்லை.